வாசகர் கேள்வி–பதில்: பிள்ளைகளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே கவலையைச் சொல்கின்றன: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. ஆசிரியர்கள், பெற்றோர், பேரனுக்குக் கதை சொல்லும் ஒரு தாத்தா என்று பலரும் எழுதியிருப்பதால், இந்த இதழில் இப்பகுதியை முழுமையாக இந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஶ்ரீராமபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 42 பிள்ளைகள். எதைச் சொன்னாலும் மூன்று முறை, நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. மாலைக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. கேட்கும் திறன் என்பது கற்பிக்கக்கூடிய ஒன்றா, அல்லது அது பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்ததா?

பதில்: கற்பிக்கக்கூடியதுதான், கற்பித்தே தீரவேண்டியது என்றும் சொல்வேன். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் மற்ற மூன்றுக்கும் படிப்படியாகப் பயிற்சி கொடுக்கும் நாம், முதலாவதற்கு மட்டும் ‘கவனி’ என்ற கட்டளையோடு நிறுத்திக்கொள்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும், கவனித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்குச் சொல்லப்படுவதே இல்லை. குறிக்கோள் இல்லாமல் இருபது நிமிடம் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரியவர்களுக்கே கடினம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது முடியாத காரியம்.

இந்தத் திறனில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் என்பது எழுத்தை வாசிக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது என்று விளக்கினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். அவற்றில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் விடையும் பூஜ்யம்தான். எழுத்துப் பிழையின்றி மளமளவென்று வாசித்துவிட்டு, “என்ன படித்தாய்?” என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருக்குக் கூடுதல் வாசிப்புப் பயிற்சியைவிட, நிறையக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியே தேவைப்படுகிறது.

ஆகவே முதல் மாற்றம், நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே பிள்ளைகளின் காதுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவது. கதை சொல்லப்போகிறீர்கள் என்றால், கதை முடிந்த பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, தொடங்கும் முன்பே கேள்வியை வையுங்கள். “சந்தைக்குப் போன பாட்டி எதை வாங்க மறந்துவிட்டு வந்தாள் என்று கண்டுபிடியுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கினால், பிள்ளை பொருள்களின் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கும். அதே கதையை மறுநாள் சொல்லும்போது வேறு வேலை கொடுக்கலாம்: “பாட்டிக்குக் கோபம் வந்த இடத்தில் கையைத் தூக்குங்கள்.” ஒரே கதையை மூன்று நாள், மூன்று நோக்கங்களோடு கேட்பது, மூன்று புதிய கதைகளை நோக்கமின்றிக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

இரண்டாவதாக, கேட்டதைச் செய்துகாட்டும் பயிற்சி. இதற்கு நான் எல்லாப் பள்ளிகளிலும் பரிந்துரைப்பது ‘கேட்டு வரைதல்’. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் போதும். நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: “தாளின் நடுவில் ஓர் ஏரி. ஏரிக்குள் இரண்டு சிறிய தீவுகள். ஏரிக்கு இடப்பக்கத்தில் ஒரு தென்னை மரம். மரத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு நாய் படுத்திருக்கிறது. நாயின் முதுகில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது.” ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே முறை, சாதாரணக் குரலில், நிதானமாகச் சொல்லுங்கள், அடுத்ததற்குப் போகும் முன் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிறகு தாள்களை வாங்கிப் பாருங்கள். ஒரு பிள்ளை மூன்று தீவுகள் வரைந்திருக்கும். ஒரு பிள்ளை நாயை மரத்தின் மறுபக்கத்தில் படுக்க வைத்திருக்கும். நான்கைந்து பிள்ளைகளாவது காக்கையைத் தென்னை மரத்தின் உச்சியில் வைத்திருப்பார்கள்.

இந்தப் பிழைகள் ஒரே வகையானவை அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. தீவுகளின் எண்ணிக்கையைத் தவறவிட்ட பிள்ளை பெரும்பாலும் கேட்டதை மறந்திருக்கும். அதற்கு வாக்கியத்தைச் சுருக்கி, வரையத் தொடங்கும் முன் மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்க்கப் பழக்க வேண்டும். நாயை இடம் மாற்றிய பிள்ளைக்கு ‘மரத்துக்கும் ஏரிக்கும் நடுவில்’ என்ற தொடரின் பொருளே தெளிவாகாமல் இருக்கலாம். அதனிடம் பத்து முறை உரக்கச் சொன்னாலும் பயனில்லை, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் அதையே நிற்கவைத்துக் காட்ட வேண்டும். காக்கையை மரத்தில் ஏற்றிய பிள்ளைகள் வேறு ரகம். ‘காக்கை’ என்ற சொல் காதில் விழுந்ததும் மீதியைத் தங்கள் பழக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டுவிட்டார்கள். இவர்கள் பெரும்பாலும் சூட்டிகையான பிள்ளைகள். வாக்கியம் முடியும்வரை காத்திருக்கும் பழக்கம்தான் இவர்களுக்கு வர வேண்டும். அதற்கு, எதிர்பார்ப்பை முறியடிக்கும் இத்தகைய வாக்கியங்களே நல்ல மருந்து. ‘கவனம் போதாது’ என்று எல்லோரையும் ஒரே வார்த்தையில் கண்டிக்கும்போது இந்த மூன்று பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட நாம் உதவவில்லை. பிள்ளைகளுக்கு இது பழகிய பின் இருவர் இருவராக உட்கார வைத்து, நடுவில் புத்தகப் பையை மறைப்பாக நிறுத்தி, ஒருவர் சொல்ல மற்றவர் வரையச் செய்யலாம். 42 பேர் உள்ள வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைக்க இதுவே வழி.

மூன்று நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் மூன்று முறை சொல்வோம் என்று தெரிந்துவிட்டால், முதல் இரண்டு முறை கேட்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகள் மிக வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். கைத்தட்டலோ சிறு மணியோ ஏதாவது ஓர் அடையாள ஒலியை எழுப்பி, வகுப்பு அடங்கும்வரை வாய் திறக்காமல் நின்று, ஒரு முறை சொல்லுங்கள். பிறகு நீங்கள் திருப்பிச் சொல்லாமல், “என்ன செய்யச் சொன்னேன்?” என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள். புரியாத பிள்ளை மறுபடி கேட்டால் முகம் சுளிக்காமல் விளக்க வேண்டும். புரியவில்லை என்று கேட்பதும் கேட்கும் திறனின் ஒரு பகுதியே.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அநேகமாக நம் எல்லோரிடமும் அது இருக்கிறது. ஒரு மாணவி எழுந்து, “மழை வந்ததால் அவன் வீட்டுக்குப் போகவில்லை” என்று மெல்லிய குரலில் விடை சொல்கிறாள். ஆசிரியர் உடனே வகுப்பைப் பார்த்து, “மழை வந்ததால் அவன் வீட்டுக்குப் போகவில்லை, சரியா?” என்று உரக்கச் சொல்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் சக மாணவி பேசுவதைக் கேட்கத் தேவையில்லை, ஆசிரியர் சொல்வதை மட்டும் கேட்டால் போதும் என்பதே வகுப்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம். விடையை நீங்கள் எதிரொலிக்காமல், “அவள் சொன்னதை உன் வார்த்தையில் சொல்” என்று மூன்று வரிசை தள்ளி இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரியாவிட்டால், முதல் மாணவியையே இன்னும் சற்று உரக்கச் சொல்லச் சொல்லலாம்.

கேள்வி கேட்ட பின் காத்திருப்பதும் அப்படித்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டார். அந்த இடைவெளியை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒருவர் சொன்னதை ஒட்டி மற்றவர் பேசுவதும் கூடியது. மூன்று விநாடி என்பது சொல்லும்போது சிறிதாகத் தோன்றும். வகுப்பின் முன் நிற்கும்போது அது மிக நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி பழைய மதராஸ் சாலையை ஒட்டி இருக்கிறது. பேருந்து ஹாரன், வகுப்பறையின் எதிரொலி, மின்விசிறியின் சத்தம் எல்லாம் சேர்ந்து பின்வரிசைக்கு எதுவும் எட்டுவதில்லை. கத்திப் பேசுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: சத்தத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி, இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும் ஆற்றல் பிள்ளைகளுக்குப் பதின்ம வயது வரையிலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்கள் விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். அந்தச் சொல்லை இன்னும் கற்றிராத பிள்ளை எதை வைத்து நிரப்பும்? அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாடம் நடக்கும் நேரத்தில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்; அங்கே பகல் நேர வரம்பு 50 டெசிபல். சாலையின் நிலைமையை நீங்கள் அறிவீர்கள். ஹாரன் தடை அறிவிப்புப் பலகை வைக்கும்படி பள்ளியின் சார்பில் போக்குவரத்துக் காவல் துறைக்கு எழுதுவது தவறில்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கத்துவதால் எதிரொலியும் சேர்ந்து பெருகுமே தவிர, சொற்கள் தெளிவாகாது. பேசுபவரிடமிருந்து தூரம் இரட்டிப்பாகும்போது நேராக வந்து சேரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஆகவே குரலை உயர்த்துவதைவிட இடத்தை மாற்றுவது மேல்: முக்கியமானதைச் சொல்லும்போது கரும்பலகையை விட்டு வகுப்பின் நடுவுக்கு வந்துவிடுங்கள். பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு பேசாதீர்கள். கிறீச்சிடும் மின்விசிறிக்கு எண்ணெய் விடச் செய்வது, பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுவது, சாலைப் பக்கத்துச் சன்னல்களைப் பாடம் கேட்கும் பத்து நிமிடத்துக்காவது சாத்திவைப்பது, வெறும் சுவர்களில் துணி ஒட்டிய அறிவிப்புப் பலகைகளை மாட்டி எதிரொலியைக் குறைப்பது ஆகிய எல்லாம் குறைந்த செலவில் முடியக்கூடியவை. கேட்டல் பயிற்சியை மட்டும் சாலை சற்று ஓய்ந்திருக்கும் பாடவேளைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். நானும் கணவரும் ஒயிட்ஃபீல்டில் வேலைக்குப் போகிறோம். காலையில் “பல் தேய், ஷூ போடு, பாட்டிலை எடு” என்று ஐந்து முறை சொன்னாலும் அசைவதில்லை. ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டுவிடுகிறது!

பதில்: பிஸ்கட் பாக்கெட்டின் சத்தம் அவனுக்கு ஒரு செய்தியைத் தருகிறது, சகோதரி. உங்கள் ஐந்தாவது “ஷூ போடு” புதிதாக எதையும் தருவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; பெங்களூருவின் காலை நேரப் போக்குவரத்தை நினைத்தாலே யாருக்கும் குரல் உயரும்.

சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதை விட்டு, அவன் அருகில் போய், பெயரைச் சொல்லி, அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை ஒரு கணம் பொறுத்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். அது முடிந்த பின் அடுத்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டு மூன்று கட்டளைகளை வரிசையாக நினைவில் வைத்துச் செய்ய முடியும் என்றாலும், தூக்கக் கலக்கத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தினமும் மாறாத வேலைகளைச் சொல்வதற்குப் பதிலாக, அவனையே படம் வரையச் செய்து குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டால், உங்கள் குரலை அவற்றுக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு நாள் முழுவதும் நீங்கள் அவனிடம் சொல்லும் வாக்கியங்களைக் கவனித்துப் பாருங்கள். சாப்பிடு, படி, தொடாதே, சீக்கிரம் என்று கட்டளைகளே மிகுந்திருந்தால், அம்மாவின் குரல் என்றாலே வேலை என்று செவி முடிவு கட்டிக்கொள்வது இயல்பு. அலுவலகத்தில் நடந்த ஒரு வேடிக்கையை, நீங்கள் சிறுமியாக இருந்தபோது மரத்திலிருந்து விழுந்த கதையை, வரும் வழியில் பார்த்த ஒன்றை அவனிடம் சொல்லுங்கள். கேட்டால் சுவையான ஏதோ கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தக் குரலின் மேல் அவனுக்கு வர வேண்டும். அவன் பேசும்போது நீங்கள் செல்போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்பதும் இதில் அடங்கும். தொலைக்காட்சியை யாரும் பார்க்காதபோது அணைத்துவிடுங்கள். பின்னணியில் அது ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளோடு பேசும் பேச்சே குறைந்துபோகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: ஏழு வயது மகள். அடிக்கடி சளி பிடிக்கும். சில நாள்களாக எதைச் சொன்னாலும் “ஆ? என்ன?” என்கிறாள், டி.வி. சத்தத்தைக் கூட்டிவைக்கிறாள். பள்ளியில் ‘கவனக்குறைவு’ என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: திருத்துவதற்கு முன் காதைப் பரிசோதித்துவிடுங்கள். இந்த வாரத்திலேயே செய்யுங்கள்.

சளித் தொல்லை அடிக்கடி வரும் சிறு பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால், நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது மிகவும் சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. அதனாலேயே பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் 20 முதல் 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் மங்கலாம். அந்த அளவு மங்கினால் எதிரில் உட்கார்ந்து பேசுவது கேட்கும். வகுப்பின் பின்வரிசையில் சொற்களின் ஓரங்கள் தேய்ந்துபோகும். நாளுக்கு நாள் கூடிக் குறைவதால், “நேற்று கேட்டது, இன்று கேட்காதது போல நடிக்கிறாள்” என்று பெரியவர்கள் எண்ணிவிடுவதும் உண்டு. வீட்டில் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்தாள் என்று திருப்தி அடைய வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் சோதனையும் நடுச்செவியின் அழுத்தத்தைப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஊசி கிடையாது, வலி கிடையாது. பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கும். கூடுதல் ஆலோசனை தேவைப்பட்டால், மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருப்பது கர்நாடகத்தில் வாழும் நமக்கு ஒரு வாய்ப்பு.

நீர் கோத்திருந்தால் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்பதால், மருத்துவர்கள் வழக்கமாகச் சுமார் மூன்று மாதம் கவனித்துப் பார்த்த பின்னரே அடுத்த கட்டத்தை யோசிப்பார்கள். அதுவரை அவளை முன்வரிசையில் உட்காரவைக்கும்படியும், முகம் பார்த்துப் பேசும்படியும் ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது, பட்ஸ் வைத்துக் குடைவது இரண்டும் கூடவே கூடாது. பாட்டி சொன்னாலும் கூடாது.

ஆசிரியர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ‘கவனக்குறைவு’ என்று டைரியில் எழுதும் முன், “காதைப் பரிசோதித்தீர்களா?” என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: அல்சூரில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், அடுக்ககத்தில் இந்தியும், வீட்டில் கொஞ்சம் தமிழும் கேட்கிறார்கள். பாடத்தை வாசித்தால் வெறித்துப் பார்க்கிறார்கள். ல, ள, ழ வேறுபாடும் வரவில்லை. எழுத்திலிருந்து தொடங்குவதா, காதிலிருந்து தொடங்குவதா?

பதில்: காதிலிருந்தே தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கும் வகுப்பில் அதில் பாதியை எழுத்துப் பயிற்சிக்குச் செலவிட்டால், வீட்டில் நோட்டில் செய்யக்கூடிய வேலையை வகுப்பில் செய்து, வகுப்பில் மட்டுமே கிடைக்கக்கூடிய தமிழ்ப் பேச்சை இழந்துவிடுவோம்.

பிள்ளைகள் வெறித்துப் பார்ப்பதற்குத் தமிழ் தெரியாததுதான் காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வீட்டில் “எல்லாரும் வந்துட்டு இருக்காங்க” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பாடத்தில் வரும் “அனைவரும் வந்துகொண்டிருக்கிறார்கள்” என்பது ஏறக்குறைய வேறு மொழி. இந்த இடைவெளியைக் கடக்க இலக்கண விளக்கம் தேவையில்லை. ஒரு சிறுகதையை முதலில் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். கதை மனத்தில் பதிந்த பின், அதையே எழுத்துத் தமிழில் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். என்ன நடக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால், புதிய வடிவங்களைச் செவி தானாகவே இனம் கண்டுகொள்ளும். மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால் வேறுபாடு தெரியும்.

ல, ள, ழ விஷயத்தில் பெங்களூரு பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. கன்னடத்தில் ல, ள இரண்டும் தெளிவாகப் பிரித்தே ஒலிக்கப்படுகின்றன. ‘ஹல்லி’ என்றால் பல்லி, ‘ஹள்ளி’ என்றால் சிற்றூர் என்பதை உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்; மாரத்தஹள்ளிக்கும் கம்மனஹள்ளிக்கும் போய்வருகிற பிள்ளைகள்தானே. அந்தக் காதைக்கொண்டே ‘கொல்–கொள்’, ‘வால்–வாள்’ இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். ண, ன வேறுபாடும் அவர்களுக்குக் கன்னடத்தில் பழகியதுதான். ‘மணம்–மனம்’, ‘பணி–பனி’ என்று தொடரலாம். ஆகவே அவர்களுக்கு உண்மையில் புதியது ழகரம் ஒன்றே. அதற்கு முதலில் சொல்லவைக்காமல் கேட்டுப் பிரிக்கவையுங்கள்: பாதை படத்தைச் சுவரின் ஒருபுறமும், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் படத்தை மறுபுறமும் ஒட்டி, நீங்கள் ‘வழி’ என்றால் ஒருபுறம், ‘வலி’ என்றால் மறுபுறம் ஓடச் சொல்லுங்கள். செவி பிரித்தறிந்த பின் நாக்குக்கு வேலை கொடுக்கலாம். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த தொடரை அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள். அதற்கு முன் கொண்டுவந்தால் சிரிப்புத்தான் மிஞ்சும்.

ர, ற வேறுபாட்டையும் ந, ன வேறுபாட்டையும் செவிப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இன்றைய பேச்சில் பெரியவர்களே பெரும்பாலும் அவற்றைப் பிரித்து ஒலிப்பதில்லை. நாம் பிரித்துச் சொல்லாததைப் பிள்ளை பிரித்துக் கேட்கவில்லை என்று வருந்துவது நியாயமன்று; அவற்றை எழுத்துப் பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம். குறில் நெடில்தான் ஆங்கிலவழிப் பிள்ளைகளை உண்மையாகவே தடுமாறவைக்கும்: ‘கல்–கால்’, ‘படம்–பாடம்’, ‘கொடி–கோடி’ போன்றவற்றை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: கையைக் கட்டிக்கொண்டு, ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் நல்ல கேட்டலுக்கு அடையாளம் என்று எங்கள் பள்ளியில் விதி வைத்திருக்கிறார்கள். சரிதானா?

பதில்: சரியல்ல. அது அடக்கத்துக்கு அடையாளம். பென்சிலை உருட்டிக்கொண்டே முழுக்கக் கேட்கும் பிள்ளையும் உண்டு. கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே வேறெங்கோ இருக்கும் பிள்ளையும் உண்டு. கேட்டதை வைத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பிறருக்கு இடைஞ்சல் இல்லாதவரை கை எங்கே இருந்தாலும் சரி.

கேள்வி: கேட்டல் திறனுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது எங்கள் நிர்வாகம். எப்படிப் போடுவது?

பதில்: தொடக்க வகுப்புகளில் மதிப்பெண் வேண்டாம். மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து படிக்க வேண்டும் என்ற இலக்கோடு 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் திட்டமும், 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் வாய்மொழித் திறனுக்கு இடம் கொடுக்கின்றன. சிறு பிள்ளைகளைத் தேர்வெழுதவைப்பதைவிடக் கவனித்துக் குறித்துவைக்கவே சட்டகம் சொல்கிறது. நாளுக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனித்து, ஆளுக்கு ஒரு வரி எழுதிவையுங்கள்: ‘இரண்டு கட்டளை வரை செய்கிறான்’, ‘கதையின் முடிவைச் சொல்கிறாள், வரிசை மாறுகிறது’. பெற்றோர் கூட்டத்தில் பத்துக்கு ஏழு என்பதைவிட இந்த ஒரு வரி பயன்படும்.

கேள்வி: எனக்கு வயது 71. ஓய்வுக்குப் பின் ஜீவன்பீமா நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆறு வயதுப் பேரனுக்குக் கதை சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறான்; செல்போனில் கார்ட்டூன் என்றால் மணிக்கணக்கில் உட்காருகிறான். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, ஆறு வயதில் படமில்லாத கதைக்கு ஐந்து நிமிடம் உட்காருகிறான் என்பதே நல்ல தொடக்கம். கார்ட்டூனில் படம் எல்லா வேலையையும் செய்துவிடுகிறது; கதையில் அவனே மனத்தில் படம் போட வேண்டும். அந்த உழைப்புக்கு அவன் மெல்ல மெல்லப் பழக வேண்டும். ஆகவே செல்போனோடு போட்டியிடாதீர்கள். அது கையில் இல்லாத வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள்: பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், மாலை நடை.

விடுகதையோடு தொடங்குங்கள். “ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய அழகான மண்டபம், ஒருவர் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்” என்று சொல்லிவிட்டு விடையைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். தேன்கூடு என்று கண்டுபிடிக்க அவன் அந்த வரியைத் திரும்பத் திரும்ப உங்களிடம் கேட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இதைவிடச் சிறந்த செவிப் பயிற்சி வீட்டில் வேறில்லை. ‘காக்கை பறக்கும், கிளி பறக்கும், எருமை பறக்கும்’ என்று சொல்லி, பறப்பவற்றுக்கு மட்டும் கையைத் தூக்கச் சொல்லும் விளையாட்டை நீங்களே ஆடியிருப்பீர்கள், அதையும் ஆடுங்கள்.

கதைக்கு வரும்போது அவனுக்கும் அதில் ஒரு பங்கு கொடுங்கள். நரி ஒவ்வொரு முறை வரும்போதும் அது சொல்லும் வாக்கியத்தை அவன்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு நன்கு தெரிந்த கதையில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். காகத்தின் வாயில் வடைக்குப் பதில் தோசையை வையுங்கள். “இல்ல தாத்தா, வடை!” என்று அவன் குறுக்கிட்டால், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பொருள். அதே கதையை மறுபடி மறுபடி கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அவன் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான். நடுவில் எழுந்து போனால் திரும்பக் கூப்பிட வேண்டாம். கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள், மறுநாள், “நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது என்று விட்டோம் அல்லவா?” என்று அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். அவனே ஒரு நாள் உங்களுக்குக் கதை சொல்ல வருவான். அது தாறுமாறாக இருக்கும். பாதி கார்ட்டூனாகவும் இருக்கும். திருத்தாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, கதையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.